இரண்டாவது சாவி கேட்டு ஒரு மடல்

பெறுநர்: செயலர், நுகர்வோர் விவகாரத் துறை, ஒன்றிய அரசு, கிருஷி பவன், புது தில்லி.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல்காரன். பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019இல் எங்கள் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நாகல் நகர்ப் பக்கம் போனால் இன்றைக்கும் அரத்தை வைத்துக் கையாலேயே சாவி ராவுகிறவர்களைப் பார்க்கலாம். எவ்வளவு சின்னப் பூட்டு வாங்கினாலும் கம்பியில் கோத்து இரண்டு சாவி கொடுப்பார்கள். ஒன்று தொலையும் என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் காருக்கு இன்னொரு சாவி செய்ய நான்கு மாதம் அலைந்தேன். அந்தக் கதையையும் அதிலிருந்து உங்களிடம் கேட்க வேண்டியதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஏழு வருஷம் ஓடிய ஒரு சின்னக் காரை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். விற்றவர் கொடுத்தது ஒரே ஒரு சாவி. "இன்னொண்ணு வீட்ல எங்கயோ கெடக்கு, தேடித் தர்றேன்" என்றார். பழைய கார் வாங்கியவர்கள் எல்லோருமே கேட்டிருக்கும் வசனம் இது. அந்த ஒற்றைச் சாவியின் பிளாஸ்டிக் கூடு ஓரத்தில் விட்டுப்போய், ரப்பர் பேண்டு போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அதுவரை பெரிதாக நினைக்கவில்லை. மருமகன் வண்டியை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போனபோதுதான் உறைத்தது. சாவியை ஜெர்கின் பையில் போட்டு, ஜெர்கினை ஏரிக்கரையில் ஒரு கடையில் மறந்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் நாலைந்து பேருக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: ஒரு சாவியாவது கையில் இருந்தால் இன்னொன்று போடலாம். கையில் ஒன்றுமே இல்லையென்றால் வண்டியை மலையிலிருந்து கட்டி இறக்க வேண்டும், அப்புறம்தான் மற்ற செலவெல்லாம்.

மறு திங்கட்கிழமையே கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது வேண்டாம். விசாரித்த வரையில் பல இடங்களிலும் கதை இதுதான். கவுன்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஒத்தச் சாவி கம்பெனி தர்றதில்ல சார். செட்டா மாத்தணும்." செட் என்றால் ஸ்டியரிங் பூட்டு, கதவுப் பூட்டுகள், டிக்கிப் பூட்டு, கூடவே இரண்டு புதுச் சாவி. விலை 14,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, மாட்டுகிற கூலி தனி, வந்து சேர மூன்று வாரம். எல்லாப் பூட்டும் நன்றாக இருக்கிறதே தம்பி என்றேன். "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்றார்.

சரி, என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டேன். ஆர்.சி. நகல், ஆதார் நகல், இன்ஷூரன்ஸ் நகல், கம்பெனிக்கு ஒரு கடிதம், அப்புறம் சாவி தொலைந்ததற்குப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய சி.எஸ்.ஆர். காப்பி, அதாவது புகார் கொடுத்ததற்கான ரசீது. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். நகல் எனக்குச் செலவே இல்லை. அந்த சி.எஸ்.ஆரில்தான் முட்டியது. நான் எந்தச் சாவியையும் தொலைக்கவில்லையே. என் கைக்கு வந்ததே ஒன்றுதான். வராத சாவியைத் தொலைத்துவிட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர். என் சாவியை மிஷினில் ஒரு பக்கம் பிடித்தார், வெறும் சாவியை மறுபக்கம் பிடித்தார், பத்து நிமிஷத்தில் வெட்டிக் கொடுத்தார். 200 ரூபாய். கதவு திறந்தது. ஸ்டியரிங் சுற்றியது. சாவியைத் திருப்பினேன், என்ஜின் ஒரு உறுமல் உறுமி அப்படியே அடங்கியது. மறுபடி திருப்பினேன், மறுபடியும் அதே. மீட்டரில் சாவிப் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று அடித்தது. சாவிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவுக்குச் சாவி நான் தருவேன்ணே. அதோட மூளைக்குச் சாவி என்கிட்ட இல்ல."

அந்த மூளைக்குப் பெயர் இம்மொபிலைசர். உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவியின் தலைப்பகுதிக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. ரிமோட் பட்டனுக்குத்தான் பேட்டரி, அது வேறு சங்கதி. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். புதிய சிப் என்றால் அடையாளத்தை அப்படியே ஒப்பிக்காது, வண்டி ஒரு எண் கேட்கும், சிப் ரகசியக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் டீசல், பெட்ரோல் பாயும். இல்லையென்றால் ஒரு உறுமலோடு சரி. வண்டி ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கும். புதுச் சாவியைச் சேர்க்க வேண்டுமானால் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச ஒரு கருவி வேண்டும், பெரும்பாலும் ஒரு ரகசிய எண்ணும் வேண்டும். அந்தக் கருவியையும் எண்ணையும்தான் கம்பெனிகள் தங்கள் கைக்குள் வைத்திருக்கின்றன.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒயரைப் பிடுங்கி உரசி வண்டி எடுத்த காலம் இதனால்தான் போனது. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார் எல்லாவற்றிலும் இது கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் நல்ல பூட்டை விற்றுவிட்டு இரண்டாவது சாவிக்கு ஆனை விலை சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே பிரச்சினை. அவர் மலைத்து நிற்கவில்லை. ஒரு மெக்கானிக்கை வைத்து, இருந்த ஒரே நல்ல சாவியின் கூட்டைப் பிளந்து, சிப்பை வெளியே எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டி, மேலே கருப்பு டேப் சுற்றிவிட்டார். இனி எந்த 200 ரூபாய்ச் சாவியைப் போட்டாலும் வண்டி தன் சொந்தச் சாவிதான் வந்திருக்கிறது என்று நம்பிக் கிளம்பும். குடும்பத்தில் ஆளுக்கொரு சாவி. எனக்கும் செய்து தரச் சொல்லவா என்று பெருமையோடு கேட்டார். யோசித்துப் பாருங்கள். திருட்டைத் தடுக்கக் கோடிக் கணக்கில் செலவழித்து வைத்த ஒரு பாதுகாப்பைக் கார்க்காரர் தன் கையாலேயே சாகடிக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 14,500 ரூபாய் அவரைப் பசை டப்பா பக்கம் தள்ளியது.

கடைசியில் ஒரு டிரைவர் சொல்லி மதுரைக்குப் போனேன். 65 கிலோமீட்டர். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கடை, பத்துக்குப் பத்து இருக்கும். சுவர் நிறைய வெறும் சாவிகள் தொங்கின. கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம். சாவியை வெட்டினார், சிப் வைத்தார், ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் கைக்கு அடக்கமான ஒரு கருவியைச் செருகினார். சாவியை ஆன் பண்ணச் சொன்னார், ஆஃப் பண்ணச் சொன்னார், புதுச் சாவியைப் போடச் சொன்னார். இருபத்தைந்து நிமிஷம். 3,500 ரூபாய். சிப்பு மட்டும் என்ன விலை என்று சும்மா கேட்டேன். "நூத்தம்பது ரூபா வரும் சார். மிச்சம் மிஷினுக்கும் தொழிலுக்கும்" என்றார். நியாயமான பேச்சு. அந்த விலையை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இரண்டு விஷயம் என் மனசில் நின்றுவிட்டது.

ஒன்று, அவர் என்னிடம் ஒரு தாள் கேட்கவில்லை. ஆர்.சி. கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, வண்டி என்னுடையதுதானா என்றுகூடக் கேட்கவில்லை. ஐந்து தாள் கேட்ட இடத்தில் சாவி கிடைக்கவில்லை. ஒரு தாளும் கேட்காத இடத்தில் கிடைத்தது. ரகசிய எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "மிஷினே எடுத்துக் குடுத்துரும்" என்றார். அந்த மிஷினை விற்றவன் யார், அதற்குள் என்ன இருக்கிறது, என் வண்டியின் எண் எங்கே போய்ச் சேர்ந்தது, ஒன்றும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இரண்டாவது இன்னும் பெரிது. வேலையைத் தொடங்கும்போது அந்தக் கருவியின் திரையில் ஒரு வரி வந்தது. பதிவான சாவிகள்: 3. நான் திகைத்துப் போனேன். என்னிடம் இருப்பது ஒன்று. கம்பெனி கொடுத்தது இரண்டு. அப்படியானால் மூன்றாவது? என் வீட்டு வாசலில் இரவெல்லாம் நிற்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போகக்கூடிய இரண்டு சாவிகள் எங்கேயோ யார் கையிலோ இருக்கின்றன. கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "பழசையெல்லாம் அழிச்சுறவா சார்?" அழித்தார். கையில் இருந்ததையும் புதியதையும் மட்டும் மறுபடி பதிந்தார். திரையில் 2 என்று வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த வண்டியை நான் வாங்கியதிலிருந்து இரண்டு முறை கம்பெனி சர்வீசுக்கு விட்டிருக்கிறேன். அவர்கள் கருவியைச் செருகாத நாளில்லை. உங்கள் வண்டியில் மூன்று சாவி பதிந்திருக்கிறது, உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சாவியை மறுக்கிற இடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை. சந்துக்குள் இருக்கும் கடையில் வந்தது.

கம்பெனிகள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். ரகசிய எண்ணையும் கருவியையும் வெளியே கொடுத்தால் திருடன் கைக்குப் போய்விடும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பூட்டி வைத்தது மட்டும் எத்தனை நாள் தாங்கியது? 2005இலேயே அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லட்சக்கணக்கான கார்ச் சாவிகளில் இருந்த ஒரு சிப்பின் ரகசியக் கணக்கை உடைத்துக் காட்டினார்கள். 2013இல் வேறொரு சிப்பின் ஓட்டையைப் பற்றிய கட்டுரை வெளிவராமல் ஒரு கார் நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015இல் கட்டுரை வெளிவந்தது. இன்று மதுரைச் சந்தில் கைக்கு அடக்கமாக மிஷின் இருக்கிறது. ஆக, ரகசியம் போக வேண்டியவர்களிடம் எப்போதோ போய்விட்டது. ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவனுக்கு மட்டும்தான் அது இன்னும் ரகசியம்.

உங்கள் துறைக்கு இது புதிதல்ல என்பதால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். உதிரி பாகத்தையும் வண்டியைச் சோதிக்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. 2011இல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. அப்புறம் மேல்முறையீடு, தடை என்று இழுத்தது வேறு கதை. 2022 டிசம்பரில், தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென்று நீங்களே ஒரு இணையதளம் தொடங்கினீர்கள். அதில் விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனமும் சேர்த்தி. 2024இல் வாகன நிறுவனங்களை அழைத்து அதில் சேரச் சொல்லிப் பேசவும் செய்தீர்கள். இவ்வளவும் நடந்திருக்கிறது. இருந்தும் நான் கேட்டது என்ஜினோ கியர் பாக்ஸோ இல்லை. ஒரு சாவி. பழுதுகூட இல்லை, வண்டியோடு வந்திருக்க வேண்டிய பொருள்.

வெளி நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சாவிக்காரர்களுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. பின்னணியைச் சரிபார்த்து, அடையாள எண் கொடுத்து, பதிவானவருக்கு மட்டும் சாவி எண்ணும் இம்மொபிலைசர் ரகசிய எண்ணும் கம்பெனித் தளத்திலிருந்து கிடைக்கும். யாருக்காகக் கேட்டார், எந்த வண்டிக்குக் கேட்டார் என்பதெல்லாம் எழுத்தில் நிற்கும், வண்டிக்காரரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிந்து வைக்க வேண்டியது சாவிக்காரரின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் செர்மி என்று ஒரு முறை வந்திருக்கிறது. தனியார் பட்டறைக்காரரும் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு திருட்டுத் தடுப்புத் தொடர்பான வேலைகளைச் செய்யலாம். இரண்டிலுமே சூட்சுமம் ஒன்றுதான். ரகசியத்தை ஒருவரிடம் அடைத்து வைக்காமல், யாரிடம் போனது என்பதை எழுதி வைக்கிறார்கள்.

நம்மிடம் அதைவிட வசதி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வண்டி யாருடையது என்பது அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் இருக்கிறது. சேஸ் நம்பர், உரிமையாளர் பெயர், பதிந்த செல்போன் எண் எல்லாம் அங்கேயே. என் கடையில் உட்கார்ந்தே தினமும் பத்துப் பேருக்கு ஓ.டி.பி. வாங்கி ஏதாவது ஒரு சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிறேன். பதிவு பெற்ற சாவிக்காரர் சேஸ் நம்பரைப் போடட்டும், உரிமையாளரின் செல்போனுக்கு ஓ.டி.பி. வரட்டும், அதைச் சொன்னால் ரகசிய எண் திறக்கட்டும், யார் எப்போது எடுத்தார் என்பது பதிவில் நிற்கட்டும். அந்த மதுரைக் கடைக்காரரைப் போன்றவர்கள் இந்தப் பதிவுக்கு முதல் ஆளாக வருவார்கள் என்றே நினைக்கிறேன். எந்த நேரம் யார் வந்து திருட்டு மிஷின் என்று பிடிப்பார்களோ என்று பயந்துகொண்டு தொழில் செய்ய யாருக்கும் ஆசையில்லை. போலீசுக்கும் வசதி. வண்டி காணாமல் போனால் கடைசியாக யார் சாவி போட்டது என்று தேடிப் பார்க்கலாம்.

விலை விஷயம் முழுக்க உங்கள் கையிலேயே இருக்கிறது. பொட்டலத்தின் மேல் எடையும் அதிகபட்ச விலையும் அச்சிட வேண்டும் என்ற சட்டத்தைப் பார்த்துக்கொள்வது உங்கள் துறை. சின்னத் தீப்பெட்டியில்கூட விலை இருக்கிறது. கார் வாங்கும்போது கொடுக்கும் அந்தத் தடித்த புத்தகத்தில் ஒரு உபரிச் சாவி எவ்வளவு, அதைப் பதிந்து தர எவ்வளவு என்று ஒரு வரி ஏன் இல்லை? ஒற்றைச் சாவி தனியாகக் கிடைக்க வேண்டும். பூட்டுச் செட்டோடு கட்டி விற்கக் கூடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகளின் ஸ்மார்ட் சாவி விலை இன்னும் மேலே. அந்த வண்டிக்காரர்கள் தனியாக எழுதுவார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

அப்புறம் பழைய கார் கைமாறும் இடம். என் மாதிரி ஆட்களின் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. வண்டியோடு எத்தனை சாவி வந்தது, கம்பெனி கொடுத்த சின்னத் தகடு இருக்கிறதா என்பதை விற்பனைத் தாளிலேயே எழுத வேண்டும். சாவி எண் பொறித்த அந்த அலுமினியத் தகட்டை முக்கால்வாசிப் பேர் முதல் நாளே அட்டைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். புதுக் கார் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் எழுந்து போய் அதைத் தேடி, சாவிக்கொத்தில் கோக்காமல் பீரோவில் வையுங்கள். அதோடு, உரிமையாளர் பெயர் மாறியதும் முதல் சர்வீசில் பதிவான சாவிகள் எத்தனை என்று காட்டி, வேண்டாதவற்றை அழித்துத் தருவதைச் சர்வீஸ் சென்டர்களுக்குக் கட்டாயமாக்குங்கள். கருவி ஏற்கனவே செருகித்தான் இருக்கிறது. சில நிமிஷ வேலை.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டி திருடு போனால் கிளெய்ம் கேட்கும்போது இரண்டு அசல் சாவியையும் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்றை வைத்து நீயே எடுத்திருக்கலாமே என்ற சந்தேகம் நம்மேல் விழும். சாவி கிடைக்க வழி வைக்காத ஊரில் இரண்டு சாவி கேட்பது என்ன நியாயம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோடு நீங்கள் பேச வேண்டும். பதிவு பெற்ற சாவிக்காரர் கொடுத்த ரசீதும், சாவி எத்தனை பதிந்திருக்கிறது என்ற தாளும் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

இந்த மடலைப் பாதி எழுதி வைத்திருந்தபோது வண்டியை விற்றவர் போன் செய்தார். பரண் சுத்தம் செய்யும்போது அந்த இன்னொரு சாவி கிடைத்துவிட்டதாம். பாவம், சொன்ன சொல் தவறாமல் கூரியரில் அனுப்பியும் வைத்தார். கூடு புத்தம் புதிதாக இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். கதவு திறந்தது. என்ஜின் ஒரு உறுமலோடு அடங்கியது. அழித்ததுதான் காரணம், அதை மறுபடி பதிய இன்னொரு முறை மதுரை போக வேண்டும்.

மூன்றாவது சாவி பற்றி அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "எங்கிட்ட ரெண்டுதானேங்க இருந்துச்சு" என்றார்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு கார்க்காரன்

இணைப்பு: ஆர்.சி. நகல், ஷோரூம் கொடுத்த விலைத் தாளின் நகல். மதுரைக் கடையில் ரசீது தரவில்லை.